தகரத்துக்குப் பின்னால் ஏழு பெண்கள்

அத்தியாயம் 14

காலை ஆறரைக்கெல்லாம் மெயின் தெருவில் மடக்கு நாற்காலிகள் வந்துவிட்டன. ஆட்கள் வரவில்லை, நாற்காலிகள் மட்டும்தான். எல்ம்க்விஸ்ட் ஊரின் வழக்கம் அது. ஊர்வலமோ வாணவேடிக்கையோ, எதுவானாலும் முன்கூட்டியே நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு இடம் பிடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகக் குறட்டை விடுவார்கள். அடுத்தவன் நாற்காலியை ஒரு அடி நகர்த்துகிற துணிச்சல் நெப்ராஸ்காவில் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

ஆற்றுப் பக்கமிருந்து வந்த மூடுபனி இன்னும் விலகவில்லை. பனிக்குள் இருநூறு நாற்காலிகள் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்து, படம் எப்போது ஆரம்பிக்கும் என்று பேசாமல் காத்திருப்பதுபோல் கார்னாவுக்குப் பட்டது. கையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. குடிக்கத் தோன்றவில்லை.

நாற்காலிகள் பார்த்துக்கொண்டிருந்தது மார்வெல்லா தியேட்டரின் முகப்பை. முகப்பு என்று சொல்வதே அதிகம். வெறும் தகரம். மங்கிய சாம்பல் நிற அலுமினியத் தகடுகள் கூரையிலிருந்து கதவுத்தலை வரைக்கும் இறங்கியிருந்தன.

முந்தைய அத்தியாயங்களைத் தவறவிட்டவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். விவாகரத்தை முடித்துக்கொண்டு ஓமஹாவிலிருந்து ஊர் திரும்பிய கார்னா சாண்டால், மூடிக்கிடந்த மார்வெல்லாவைத் திரும்பத் திறந்தால் செத்துக்கிடக்கிற மெயின் தெருவும் எழுந்து உட்காரும் என்று இரண்டு வருடமாக ஊரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறாள். நகர மன்றமோ தியேட்டரை இடித்து கார் நிறுத்துமிடம் ஆக்கலாம் என்கிறது. ஓட்டு இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஓட்டு அவளுடைய சொந்தத் தம்பி ரோல்ஃபிடம் இருக்கிறது. "மாநில அலுவலகத்து அம்மா வந்து பாத்து, இது பாதுகாக்க வேண்டிய கட்டடம்னு கையெழுத்துப் போட்டா என் ஓட்டு உனக்கு. போடலேன்னா புல்டோசர்" என்று அவன் போன வாரம் சொல்லிவிட்டான். மன்றம் கூடுவது இன்று மதியம் ஒரு மணிக்கு.

கையெழுத்து எதை நம்பி இருக்கிறது? தகரத்துக்குப் பின்னால் இருக்கிற, அல்லது இல்லாத, ஏழு பெண்களை நம்பி.

சுட்ட மண்ணில் செய்த ஏழு முகங்கள். கன்னம் உப்பி, காற்றை ஊதுகிற பெண்கள். 1926-ல் தியேட்டர் கட்டினபோது முகப்பின் நெற்றியில் வரிசையாகப் பதித்தது. 1964-ல் நெடுஞ்சாலையோரம் புதிய வணிக வளாகம் வந்ததும், மெயின் தெருக் கடைக்காரர்கள் பயந்துபோய், நாமும் புதுசாகத் தெரிய வேண்டுமென்று தெரு முழுவதற்கும் தகரம் அடித்தார்கள். அன்றைக்கு மூடினதுதான். ஊரில் அறுபது தாண்டின எல்லோருக்கும் அந்த முகங்கள் நினைவிருக்கிறது, ஒருத்தர் சொல்வதுபோல் இன்னொருத்தர் சொல்வதில்லை என்பதுதான் வேடிக்கை. பச்சைக் கண் என்பார் ஒருவர். கண்ணே மூடியிருக்கும் என்பார் அடுத்தவர். கார்னா பார்த்ததெல்லாம் ஒரு மங்கிய தபால் அட்டையில்தான்.

தகரம் அடித்த கூட்டத்தில் அவளுடைய அப்பா லென்னார்ட்டும் ஒருவர். அப்போது இருபது வயது. கிழக்கு ஓரத்துத் தகடு ஒன்று மட்டும் நடுவில் புடைத்துக்கொண்டு நிற்கும். ஊர் அதற்கு 'லென்னார்ட் தொப்பை' என்று பெயர் வைத்து ஐம்பத்து நாலு வருடமாகச் சிரிக்கிறது. அந்த முகங்களை என்ன செய்தீர்கள் என்று போன வாரம் கார்னா கேட்டாள். அப்பா கார் ஷெட் கதவை இழுத்து மூடிக்கொண்டார்.

"என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?"

அம்மா. ஆர்லிஸ் சாண்டால், லூத்தரன் தேவாலய மாதர் சங்கத்தின் அசைக்க முடியாத தலைவி. இரண்டு கையிலும் பெரிய அலுமினியப் பாத்திரம். தியேட்டருக்கு எதிரே மேசை போட்டு, பீன்ஸ் போட்ட கறிக்குழம்பும் இலவங்கப்பட்டை ரோலும் விற்கப் போகிறார்கள். இந்த ஊரில் கல்யாணமானாலும் சாவானாலும் அதுதான்.

"திரும்பவும் அந்தக் கனவும்மா" என்றாள் கார்னா. "ஏழு பேரும் செவுத்துலேர்ந்து எறங்கி தெருவுல நடக்கறாங்க. கடையெல்லாம் தொறந்திருக்கு. அவங்க ஊத ஊத ஒவ்வொரு கடையிலயா வெளக்கு எரியுது. ஆனா ஒருத்திக்கும் முகமே இல்ல."

"முகம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. அந்த ஓரத்தைப் பிடி, கை சுடுது."

அம்மாவுக்கு மார்வெல்லா என்றாலே ஆகாது. கார்னா சின்னவளாக இருந்தபோது, தியேட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்த நாளிலேயே, அம்மா ஒரு தடவைகூட உள்ளே வந்ததில்லை. அப்பாதான் அழைத்துப் போவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எல்லா வீட்டிலும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும், கேட்காமலே பழகிப்போயிருக்கும்.

"அப்பா எங்க?"

"ஷெட்டுல. புல் வெட்டற பிளேடைத் தீட்டிக்கிட்டிருக்கார். செப்டம்பர் மாசத்துல புல்லு எங்கே வளருதோ எனக்குத் தெரியல" என்றாள் அம்மா. மேசை விரிப்பை ஒரு உதறு உதறினாள்.

*

ஷெட்டுக்குள் அப்பா அரத்தைப் பிடித்து ராவிக்கொண்டிருந்தார். அவள் வந்ததைப் பார்த்தார். நிறுத்தவில்லை.

"அப்பா, ஒன்பது மணிக்கு கிரேன் வருது. வரீங்கதானே?"

"எனக்கு வேலை இருக்கும்மா."

"நீங்க போட்ட தகரம்ப்பா. கழட்டும்போது நீங்க இல்லாம எப்படி?"

அரம் நின்றது. அப்பா எழுபத்து நாலு வயதுக்கு நல்ல திடகாத்திரம். பேசத்தான் வராது. வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்வதற்குள் அவருக்கு வேர்த்துவிடும்.

"கார்னா. அதைக் கழட்டாதே."

"என்னது?"

"நிறுத்திடு. அப்படியே இருக்கட்டும். தகரம் இருக்கற வரைக்கும் உள்ள ஏழு பேர் இருக்காங்கன்னு ஊரு நெனைச்சுக்கிட்டிருக்கும்ல."

கார்னா ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்கப்பா."

அப்பா தீட்டிய விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். "தகரம் மரச்சட்டத்து மேல சமமா உக்காரணும். அதுக்கு ஒரு விதி உண்டு. செவுத்துல எது மூணு இஞ்சுக்கு மேல துருத்திக்கிட்டிருந்தாலும் தட்டி எடுத்துடணும். எல்லா ஊர்லயும் அப்படித்தான் செஞ்சாங்க. பூ, இலை, சிங்கத் தலை, எது இருந்தாலும். அந்தப் பொண்ணுங்களோட மூக்கு ஆறு இஞ்சுக்கு நீட்டிக்கிட்டிருந்துச்சு."

"யார் தட்டினது?"

"மத்தவங்களுக்கெல்லாம் அப்பவே வயசாச்சு. உயரத்துல ஏறமாட்டோம்னுட்டாங்க. சாரத்தைச் சுத்திப் படுதா கட்டியிருந்துச்சு, கீழேர்ந்து யாருக்கும் தெரியாது."

"நீங்களா?"

"என் கையாலதான்."

"எல்லாத்தையுமா?"

அப்பா அரத்தை எடுத்துத் திரும்ப ராவ ஆரம்பித்தார். கார்னா அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு வருடம். வீடு வீடாகப் போய் கதவு தட்டினது, பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து தூசி தட்டினது, கிழிந்த இருக்கைகளைத் தைத்தது. எல்லாவற்றையும் நெற்றியில் பொட்டு இருக்கும் என்று நம்பிச் செய்திருக்கிறாள். பொட்டை அழித்தவர் தினம் அவளோடு உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது. எதை முதலில் வெளியே விடுவதென்று தெரியாமல் எழுந்து நடந்தாள்.

*

பனி விலகி, வெயில் தகரத்தில் பட்டுத் தெரு முழுக்கச் சிதறியது. நாற்காலிகளுக்குச் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். லின்கனிலிருந்து மாநில அலுவலகத்து கொரின் ஹாஸ்கெல் அம்மாள் வந்திறங்கினாள். ஒல்லியான பெண், தலையில் மஞ்சள் தொப்பி, கழுத்தில் தொலைநோக்கி. முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் விரட்டாத நிதானம்.

"முன்கூட்டியே சொல்லிடறேன்" என்றாள் அவள். "உள்ள அசல் வேலைப்பாடு ஏதாவது மிஞ்சியிருந்தா பேசலாம். ஒண்ணுமே இல்லேன்னா அது வெறும் செங்கல் செவுரு. வெறும் செவுத்துக்கு நான் கையெழுத்துப் போடறதில்ல."

ரோல்ஃப் அக்காவை ஓரமாக இழுத்தான். "ஏன்க்கா மூஞ்சி இப்படி இருக்கு?"

கார்னா ஷெட்டில் கேட்டதைச் சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் தன் ஷூவையே பார்த்தான். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான், கார் நிறுத்த இடமில்லாமல் வாடிக்கை போகிறது என்று இரண்டு வருடமாகப் புலம்புகிறான். ஜெயித்துவிட்டோம் என்று அவன் துள்ளியிருக்கலாம். அவனுக்கு அப்படி வரவில்லை.

"கிரேன்காரன்கிட்ட ஏதாவது ரிப்பேர்னு சொல்லச் சொல்லட்டா? இன்னிக்கு ஒரு நாளாவது தள்ளிப்போடலாம்."

"டேய், நீ எந்தப் பக்கம்டா?"

"எனக்கே தெரியலக்கா."

கார்னா தகரத்தை அண்ணாந்து பார்த்தாள். தொப்பை வெயிலில் பளபளத்தது. "எறக்கட்டும்" என்றாள். "இல்லேன்னா இல்லேன்னு தெரிஞ்சுட்டுப் போகட்டும். தகரத்தைப் பாத்துக்கிட்டு இன்னொரு அம்பது வருஷம் என்னால கனவு காண முடியாது."

கிரேன்காரன் டுவைட் வாயாடி. கூடையில் ஏறி நின்றுகொண்டு, மேலிருந்து கூட்டத்துக்குக் கும்பிடு போட்டான். பள்ளிக்கூட வாத்தியக்குழு ஏதோ வாசிக்க ஆரம்பித்து, பாதியில் ஆளுக்கொரு பக்கம் போய் நின்றுவிட்டது. மேற்கு ஓரத்திலிருந்து முதல் தகடு, திருகுகள் ஒவ்வொன்றாக முனகி விடுபட, மெல்லக் காற்றில் சாய்ந்து இறங்கியது. இறங்குகிறபோது வானத்தையும் மேகத்தையும் தன்மேல் காட்டிக்கொண்டு இறங்கியது.

பின்னால் நீலம்.

தெரு மொத்தமும் "ஹா" என்றது. நீலமும் பச்சையும் கலந்த ஓடுகள், ஐம்பத்து நாலு வருடம் வெயிலே படாமல், நேற்றுத்தான் சூளையிலிருந்து எடுத்ததுபோல் ஈரமாக மின்னின. கார்னாவுக்குத் தன் கனவுக்குள் நடந்துபோய் நிற்கிறோமோ என்று ஒரு கணம் மயங்கியது.

நீலத்தின் நடுவே பல் பிடுங்கிய இடம் மாதிரி ஒரு வெள்ளைத் தழும்பு. ஒரு தலை அளவுக்கு.

"ஒண்ணு போச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

இரண்டாவது தகடு. தழும்பு. மூன்றாவது, தழும்பு. நாலாவதில் ஒரு காதும் கொஞ்சம் முடியும் மிச்சமிருந்தது, அதைப் பார்ப்பதற்குத் தழும்பே தேவலை. ஐந்தாவது இறங்கியபோது நாற்காலிகள் மடங்குகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. டப், டப். எல்ம்க்விஸ்ட்காரர்கள் மரியாதையான மனிதர்கள், கூச்சல் போடமாட்டார்கள், நாற்காலியை மடக்குவார்கள். கொரின் அம்மாள் தொலைநோக்கியைக் கீழே இறக்கிவிட்டாள்.

ஆறாவதும் தழும்பு.

கார்னா திரும்பினாள். நடுத்தெருவில் அப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையில் கிரீஸ் கறை. தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டிருந்தார், தேவாலயத்தில் நிற்பதுபோல்.

ஏழாவது தகட்டில் திருகு துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டது. டுவைட் திட்டிக்கொண்டே நெம்பினான். தொப்பை விழுந்த அந்தத் தகடு ஒரு பக்கமாகத் தொங்கி, ஆடி, விடுபட்டது.

உள்ளே ஒருத்தி இருந்தாள்.

கன்னம் உப்பி, உதடு குவித்து, காற்றில் பறக்கிற கூந்தலோடு. கூந்தலில் சோளக்கதிர் செருகியிருந்தது. கதிருக்கும் காதுக்கும் நடுவில் எந்தக் காலத்துக் குருவியோ கட்டிய கூடு. பச்சைக் கண் பாதி மூடியிருந்தது, ஆக இரண்டு கட்சிக்காரர்களும் பாதி ஜெயித்தார்கள். இடது புருவம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. 'என்ன, எல்லாரும் இவ்வளவு நேரமா என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?' என்று கேட்கிறமாதிரி.

அந்த நேரம் பார்த்து மெயின் தெருவில் நிஜமாகவே ஒரு காற்று கிளம்பி, மேசை விரிப்புகளைத் தூக்கி, பெண்களின் தலைமுடியைக் கலைத்துவிட்டுப் போனது. செப்டம்பரில் காற்று அடிக்கத்தான் செய்யும். ஆனால் அன்றைக்கு அதை அவள்தான் ஊதினாள் என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். மடக்கிய நாற்காலிகள் ஒவ்வொன்றாக விரிந்தன.

கார்னா அழுதுகொண்டே சிரித்தாள். அப்பாவை நோக்கி ஓடினாள். "ஒண்ண விட்டிருக்கீங்களேப்பா! அதைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அப்பா அவளைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இங்க என்னமோ எழுதியிருக்குங்க!" என்று டுவைட் கூடையிலிருந்து கத்தினான். "செவப்புச் சாக்குக்கட்டியால! அழியவே இல்ல! படிக்கட்டுமா?"

"வேணாம்" என்றார் அப்பா. அந்தக் குரல் அவர் சட்டைப் பொத்தானைக்கூடத் தாண்டவில்லை.

"'நெட்ரா, இது நீதான். மேலே வந்து பாரு. லென்.' அவ்வளவுதான் போட்டிருக்கு! லென்னார்ட் அண்ணே, நீங்களா? அடேயப்பா, கில்லாடிதான்!"

சின்னவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். பெரியவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லோரும், சொல்லிவைத்தாற்போல், குழம்பு மேசைப் பக்கம் பார்த்தார்கள்.

மேசையில் அம்மாவின் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது. நெட்ரா, அம்மாவின் அக்கா. ஆல்பத்தில் ஒரே ஒரு புகைப்படம் உண்டு, மார்வெல்லாவின் டிக்கெட் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பது. கலிபோர்னியாவுக்குப் போனாள், திரும்பவில்லை. செத்துப்போயிருக்க வேண்டும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். அம்மா அப்படிச் சொன்னதும் இல்லை, இல்லையென்று மறுத்ததும் இல்லை.

*

கொரின் அம்மாளுக்கு எழுதுவதற்கு ஒரு மேசை வேண்டியிருந்தது. தெருவில் இருந்தது ஒரே மேசைதான். குழம்புப் பாத்திரத்தைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, ரோல் தட்டுக்குப் பக்கத்தில் படிவத்தை விரித்தாள். எதிரே அப்பா. அந்தப் பக்கம் அம்மா, யாருக்கோ ரோல் எடுத்து வைத்துக்கொண்டு, எதையும் காதில் வாங்காதவள்போல்.

"ஒண்ணு போதும்" என்றாள் கொரின் அம்மாள். "இதுலேர்ந்து அச்சு எடுத்து மத்த ஆறையும் செஞ்சுடலாம். ஆனா இது ஆரம்பத்துலேர்ந்து இங்கயே இருந்ததா, பின்னாடி யாராவது கொண்டுவந்து வச்சாங்களான்னு மேலிடத்துல கேப்பாங்க. ஆறை உடைச்ச கை ஏழாவதை ஏன் விட்டுது? காரணம் வேணும். உடைச்சவர் சொல்லி, கையெழுத்துப் போடணும். அப்பத்தான் நான் போட முடியும்."

ரோல்ஃப் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு இருபது.

"அப்பா" என்றாள் கார்னா. அதற்குமேல் அவளால் கேட்க முடியவில்லை. ஒரு பக்கம் தியேட்டர், ஒரு பக்கம் அம்மா. நடுவில் அப்பாவின் வாய், வாழ்நாளெல்லாம் திறக்காத வாய்.

அப்பா தொப்பியை மேசைமேல் வைத்தார்.

"தினம் ஒண்ணா ஆறு நாள் ஒடைச்சேம்மா. மனசுக்குப் பிடிக்கல, ஆனா ஒடைச்சேன். ஏழாவதுகிட்ட சாரத்துல ஏறினப்பதான் அந்தப் புருவத்தைப் பாத்தேன். டிக்கெட் கூண்டுக்குள்ளேர்ந்து சில்லறை குடுக்கறப்போ நெட்ரா அப்படித்தான் தூக்குவா. ஓங்கின சுத்தியலைக் கீழ போட்டுட்டேன்."

"மேஸ்திரி ஒண்ணும் சொல்லலியா?" என்றாள் கொரின் அம்மாள்.

"அவர் அன்னிக்கு வரல. தகரத்தை முட்டியில வச்சு வளைச்சேன். தொப்பை தொப்பைன்னு ஊரு சிரிச்சுது. சிரிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அந்த எழுத்து?"

அப்பாவுக்கு வேர்த்தது. "மூடறதுக்கு முன்னாடி அவ ஒரு தடவை பாக்கணும்னு எழுதினேன். பாத்தான்னா, அங்கயே மேல வச்சு, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கணும்னு இருந்தேன். வரச்சொல்லிச் சேதி அனுப்பினேன். இருட்டற வரைக்கும் சாரத்து மேல உக்காந்திருந்தேன். வரல. சரி, இதுதான் பதிலுன்னு திருகை முடுக்கிட்டு எறங்கிட்டேன். அடுத்த வாரம் பஸ் ஏறிப் போயிட்டா."

கொரின் அம்மாள் எழுதிக்கொண்டே வந்தாள். அவளுக்கு இது எல்லாம் கட்டட விவரம். "சேதி யார் மூலமா அனுப்பினீங்க?"

"அதெல்லாம் எதுக்கும்மா?"

"சாட்சிக்குத்தான். அன்னிக்கு இந்த முகம் மேல இருந்தது தெரிஞ்ச இன்னொரு ஆள் இருந்தா நமக்கு பலம்."

அப்பா ரோல் தட்டைப் பார்த்தார். "அவ தங்கச்சி மூலமா."

"பேரு?"

கார்னாவுக்குக் காது அடைத்தது. தெரு முழுவதும் தண்ணீருக்கடியில் போய்விட்டதுபோல், வாத்தியக்குழு வாசிப்பது எங்கோ தூரத்தில் கேட்டது.

அம்மா கரண்டியைப் பாத்திரத்துக்குள் சாய்த்து வைத்தாள். மேலாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆர்லிஸ்" என்றாள். "எல் எழுத்து ஒண்ணுதான். எல்லாரும் ரெண்டு போட்டுடறாங்க."

கொரின் அம்மாள் எழுதினாள்.

"இதையும் எழுதிக்கோ. அந்தச் சேதிய நான் அவகிட்ட சொல்லவே இல்ல."

"ஆர்லிஸ்?" என்றார் அப்பா.

"காது கேக்கலியா? சொல்லல, லென். எனக்குப் பதினேழு வயசு. மொதல் சட்டை அவளுக்கு, மொதல் சைக்கிள் அவளுக்கு. அன்னிக்கு நீ சாரத்துலேர்ந்து எட்டிப் பாத்து என்னைக் கூப்பிட்டப்ப, என்னைத்தான் கூப்பிடறேன்னு நெனச்சு ஓடி வந்தேன். அக்காவை வரச்சொல்லுன்னே. சரின்னு தலையாட்டிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கிட்டேன்."

இத்தனை வருடம் அம்மா ஏன் மார்வெல்லாவின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை என்று கார்னாவுக்கு அப்போது புரிந்தது. புரிந்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

அப்பா பேனாவைப் பிடித்தபடி இருந்தார். கையெழுத்துப் போடவேண்டிய கோடு காலியாக இருந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்பா, மணி ஆகுது" என்றான் ரோல்ஃப். மெதுவாகத்தான் சொன்னான்.

அப்பா மேலேயும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. ஒரு ஆள் தன் மொத்த வாழ்க்கையையும் இன்னொரு தடவை முதலிலிருந்து கூட்டிப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் சும்மா இருந்தார். கார்னா அவர் தோளைத் தொட நினைத்தாள். தொட பயமாக இருந்தது.

அம்மாதான் மேசையைச் சுற்றி வந்தாள். பேனாவை எடுத்து அவர் விரல்களுக்குள் வைத்தாள்.

"போடு, லென். என்மேல கோவத்தை வீட்டுல காட்டு, வருஷக் கணக்குல காட்டு, வாங்கிக்கறேன். அவளைப் பத்திரமா வச்சிருந்தே. அதை நம்ம பொண்ணுக்குக் குடுத்துடு."

அப்பா போட்டார். எழுத்து மேலும் கீழுமாகப் போனது. அதன் கீழே கொரின் அம்மாள் தன் கையெழுத்தை ஒரே வீச்சில் இழுத்தாள். ரோல்ஃப் படிவத்தின் நகலைப் பிடுங்கிக்கொண்டு நகர மன்றத்தைப் பார்த்து ஓடினான். கார் நிறுத்துமிடத்துக்காக இரண்டு வருடம் கத்தினவன் அவன்.

கார்னாவுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது, குதிக்க முடியவில்லை. மேலே அந்த ஒருத்தி வெயிலை ஊதிக்கொண்டிருந்தாள். கீழே அம்மாவும் அப்பாவும் மேசைக்கு இரண்டு பக்கமும், ஒருவரை ஒருவர் பார்க்காமல், புதிதாக அறிமுகமானவர்கள்போல் நின்றிருந்தார்கள்.

கொரின் அம்மாள் காகிதங்களை அடுக்கினாள். அடுக்கியபடியே, ஒன்றும் அறியாத குரலில் கேட்டாள். "அந்த நெட்ரா அம்மா இப்ப உயிரோட இருக்காங்களா? அவங்ககிட்டயும் ரெண்டு வரி வாங்கிட்டா ரொம்ப நல்லது."

"போய்ச் சேந்திருப்பாங்க" என்றாள் கார்னா. "எங்க இருந்தாங்கன்னுகூட எங்களுக்கு…"

அவள் முடிப்பதற்குள் அம்மா அப்பாவின் கையிலிருந்த பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். படிவத்தின் ஓரத்தில் குனிந்தாள். ஒரு தொலைபேசி எண். பத்து இலக்கத்தையும் எங்கேயும் பார்க்காமல், எங்கேயும் நிறுத்தாமல் எழுதினாள்.

அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"மத்தியானம் கொஞ்சம் தூங்குவா" என்றாள் அம்மா. "நாலு மணிக்கு மேல கூப்பிடு."